கமலாவுக்குக் கேட்ட டிக்கெட்

சரவணா,

போன சனிக்கிழமை நீயும் கவிதாவும் வந்து சாப்பிட்டுப் போனதிலிருந்து இதை எழுத வேண்டும் என்று மூன்று முறை உட்கார்ந்து எழுந்துவிட்டேன். கைபேசியில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ "சரிம்மா, புரியுதும்மா" என்று சொல்லிவிடுவாய். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வராது. காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. பொறுமையாகப் படி. அலுவலகத்தில் வைத்துப் படிக்காதே.

அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே உன் கம்பெனி விஷயம் ஒன்றைச் சொன்னாய். உங்கள் கூலிம் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண் என்ஜினியரை ஐந்து வாரப் பயிற்சிக்குத் தைவானுக்கு அனுப்புகிறீர்கள். அவளுக்கு ஏழு மாதக் கைக்குழந்தை. பிள்ளையையும், அதைப் பார்த்துக்கொள்ளத் தன் அம்மாவையும் கூட்டிப் போக வேண்டும், அவர்களுக்கும் கம்பெனியே விமான டிக்கெட் எடுத்துத் தர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஆள் நிர்வாகம் உன் கையில் இருப்பதால் பதில் சொல்ல வேண்டியவன் நீ. நீ சொல்லும் பதில்தான் இனிமேல் எல்லாருக்கும் விதியாகும் என்றாய். அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னாய்: "நாங்க ஆளத்தான் வேலைக்கு எடுத்தோம்மா, குடும்பத்த எடுக்கல. இன்னிக்கு அம்மாவுக்கு டிக்கெட் கேப்பாங்க, நாளைக்கு வீட்டுப் பூனைக்கும் கேப்பாங்க லா." ஐந்து மாத வயிற்றோடு எதிரே உட்கார்ந்திருந்த கவிதா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தாள். நீ பார்க்கவில்லை. நான் எழுந்து ரசம் எடுத்து வரப் போனேன். ரசம் மேசை மேல்தான் இருந்தது.

உன் பேச்சு தப்பு என்று எழுந்து போகவில்லை. அந்த முதல் வாக்கியத்தை அப்படியே, அதே சொற்களில், நான் ஒரு முறை கேட்டிருக்கிறேன். அப்போது உனக்குப் பத்து மாதம்.

நாம் அப்போது இங்கே கெடாவிலேயே, பெண்டாங்கில் வாடகை வீட்டில் இருந்தோம். உன் அப்பா நெல் லாரி ஓட்டினார். அறுவடை வந்துவிட்டால் ஒரு நாள் வீடு, நாலு நாள் ரோடு. நான் சுங்கைப் பட்டாணியில் ஒரு எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் ஆப்பரேட்டர். விடிவதற்கு முன்னால் கம்பெனி வேன் சந்தியில் வந்து நிற்கும். எனக்குத் தாய் தகப்பன் இல்லை. என் தங்கை கமலா நம்மோடுதான் இருந்தாள். ஆமாம், உன் சின்னம்மாதான். தஞ்சோங் டாவாயில் இருக்கிறாளே, கல்யாண வீடுகளில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுச் சாப்பாடு முடிந்ததும் போய்விடுவாளே, அவள். நீ அவளை நாலைந்து தடவைதான் பார்த்திருப்பாய். அவளுக்கும் நமக்கும் ஏன் போக்குவரத்து இல்லை என்று நீ சின்ன வயதில் கேட்டிருக்கிறாய். "தூரம்டா" என்று சொல்லிவிட்டேன். ஒரு மணி நேரத் தூரம், சரவணா.

ஒரு நாள் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, ஜோகூரில் இருக்கும் கம்பெனியின் இன்னொரு தொழிற்சாலையில் எட்டு வாரம் பயிற்சி, போய் வந்தால் லைன் லீடர் என்றார். இரவு ஷிப்ட் இருக்காது. பிள்ளையோடு படுத்துத் தூங்கலாம். அதற்காகத்தான் எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. ஆனால் நீ பால் குடிக்கிற பிள்ளை, புட்டியை வாயில் வைத்தால் துப்பிவிடுவாய். என்ன செய்வது என்று நான் அழுதுகொண்டிருந்தபோது கமலாதான் சொன்னாள்: "கேட்டுப் பாப்போம்கா. எனக்கு ஒரு பஸ் டிக்கெட் போதும். நான் வந்து ஹாஸ்டல்ல தரையில படுத்துக்கறேன். நீ வேலைக்குப் போ, நான் அவனப் பாத்துக்கறேன்." நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் படிவத்தோடு நின்றவள். அவள் ஐந்தாம் படிவம் முடித்தவள், மலாய் நன்றாக எழுதுவாள். தையல் கடையிலிருந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, தன் டிக்கெட்டுக்கான விண்ணப்பத்தைத் தானே எழுதினாள். தனக்கு ஒரு டிக்கெட், ஹாஸ்டலில் ஒரு மூலை, வேறு ஒன்றும் கேட்கவில்லை. நான் கீழே கையெழுத்துப் போட்டேன்.

ஆள் நிர்வாக அதிகாரி தமிழர்தான். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். உட்காரச் சொன்னார். கடிதத்தை இரண்டு முறை படித்தார். "இங்க பாருங்கம்மா, நாங்க ஆளத்தான் வேலைக்கு எடுத்தோம், குடும்பத்த எடுக்கல. ஒங்களுக்குக் குடுத்தா நாளைக்கு ஒவ்வொருத்தரும் வந்து நிப்பாங்க. முடியலன்னா சொல்லுங்க, லிஸ்ட்ல அடுத்த ஆள் இருக்கு" என்றார். நான் "பரவால்ல சார், போறேன்" என்றேன். நன்றி வேறு சொன்னேன். கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், மேலே யாருக்கும் அனுப்பவே இல்லை.

நான் போனேன். கமலா தையல் கடை வேலையிலிருந்து நின்றுவிட்டு, கஞ்சியும் கரண்டியில் பாலும் ஊட்டி உன்னைப் பார்த்துக்கொண்டாள். திரும்பி வந்தால் இடம் இருக்காது என்று கடை முதலாளி சொல்லித்தான் அனுப்பினார். அதை அவள் என்னிடம் அப்போது சொல்லவில்லை.

ஜோகூரில் முதல் வாரம் எனக்கு நெஞ்சில் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பாலைப் பீய்ச்சித் தண்ணீரில் விடுவேன். இதை ஒரு மகனுக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நீ விதி எழுதுகிறவன், தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றாவது வாரம் எங்கள் கெடா தொழிற்சாலையிலிருந்து ஒரு மேனேஜர் இரண்டு நாள் மீட்டிங்குக்கு வந்தார். மனைவி, இரண்டு பிள்ளைகள், எல்லாரும் கூடவே வந்திருந்தார்கள். ஹோட்டல், ஊர் சுற்றிப் பார்க்கக் கம்பெனி வேன், எதற்கும் யாரும் விண்ணப்பம் எழுதவில்லை. அந்த அம்மா மலாய்க்காரர். தொழிற்சாலையைப் பார்க்க வந்தவர் என் பக்கத்தில் நின்றபோது, என் சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்ததைப் பார்த்துவிட்டார். தோளில் கிடந்த துப்பட்டாவை எடுத்து என் மேல் போட்டார். "பிள்ளை எங்கே?" என்று மலாயில் கேட்டார். "கெடாவில்" என்றேன். "ஏன் கூட்டி வரவில்லை?" என்றார். அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. தன்னை யார் கூட்டி வந்தது என்றுகூட அவர் யோசித்திருக்க மாட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்றைக்குத்தான், கம்பெனி குடும்பத்தையும் வேலைக்கு எடுக்கிறது, ஆனால் யாருடைய குடும்பம் என்று பார்த்து எடுக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். என்னோடு அறையில் இருந்த ரோகயா கல்யாணம் ஆகாதவள். வீட்டில் படுக்கையில் கிடக்கும் அப்பா. நான் என் விண்ணப்பக் கதையைச் சொல்லிப் புலம்பியபோது அவள் கேட்டாள்: "உன் தங்கைக்கு டிக்கெட் கொடுத்திருந்தால், எனக்கு என்ன கொடுத்திருப்பார்கள்? என் அப்பாவை பஸ்ஸில் ஏற்ற முடியுமா?" எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. அதனால்தான் இந்தக் கேள்வி சுலபம் என்று உனக்குச் சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமைதோறும் நான் பொதுத் தொலைபேசியிலிருந்து காதர் பாய் கடைக்கு அழைப்பேன். பெண்டாங் சந்தியில் அவருடைய சாப்பாட்டுக் கடையில்தான் அப்போது நமக்குப் போன். கமலா உன்னைத் தூக்கிக்கொண்டு வந்து காத்திருப்பாள். நீ போனில் மூச்சு விடுவாய், அவ்வளவுதான். நான் ஒவ்வொரு வாரமும் ஒன்றையே கேட்பேன்: "நடக்கறானா?" அவள் ஒவ்வொரு வாரமும் சொல்வாள்: "இன்னும் இல்லக்கா. புடிச்சிக்கிட்டு நிக்கறான். நீ வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்கான் போல." அதைக் கேட்டுவிட்டு நான் சிரித்துக்கொண்டே ஹாஸ்டலுக்கு நடப்பேன். ஒன்றையாவது நான் இழக்கவில்லை என்று நினைப்பேன்.

எட்டு வாரம் முடிந்து வீட்டு வாசலில் வந்து நின்று கையை நீட்டினேன். நீ கமலாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அலறினாய். மூன்று நாள் அப்படித்தான், அவள் இடுப்பை விட்டு இறங்கவே இல்லை. நான் தொட்டால் அழுகை, அவள் தொட்டால் அமைதி. நாலாம் நாள் காலையில் அவள் உன்னைக் கூடத்தின் நடுவில் நிறுத்தி, என்னை எதிரே உட்காரச் சொல்லி, கையை விட்டாள். நீ ஆறு அடி நடந்து வந்து என் மடியில் விழுந்தாய். "அக்கா! மொத தடவக்கா! ஒன்னப் பாத்துத்தான் நடக்கறான்!" என்று கத்தினாள். வீட்டுக்கு வரும் நாளிலும் நீ தூங்கிய பிறகே வந்து சேர்ந்த உன் அப்பாவும் கை தட்டினார். நான் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதேன். என் வாழ்க்கையில் அதைப் போலச் சந்தோஷம் அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

பத்து நாள் கழித்துக் காதர் பாய் கடையில் ரொட்டி வாங்கப் போனேன். நீ என் இடுப்பிலிருந்து இறங்கத் துள்ளினாய். பாய் சிரித்தார். "எறக்கி விடு தங்கச்சி. இந்த மேசைக்கும் அந்த மேசைக்கும் ஓடுறது அவனுக்குப் பழக்கம்தான். ஒரு மாசமா கடையே அவன் கையில" என்றார். ஒரு மாசமா என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் முகம் மாறியது. "ஒன் தங்கச்சிதான் சொன்னிச்சு, பாய், அக்கா போன்ல கேட்டா சொல்லிடாதீங்க, அதுக்கு மனசு தாங்காதுன்னு. நல்லதுக்குத்தான் லா சொன்னிச்சு."

வீட்டுக்கு வந்து நான் பேசியதை இப்போது எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், இந்தக் கடிதமே அதற்குத்தான். கமலா உன் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். "எனக்குப் பாவம் பாத்தியா? என் புள்ளய எனக்கே நாடகம் போட்டுக் காட்டினியா?" என்று கேட்டேன். அவள் ஏதோ சொல்ல வந்தாள். நான் விடவில்லை. "ஒனக்குன்னு ஒன்னு இல்ல, அதான் என்னோடத எடுத்துக்கப் பாக்கற" என்றேன். இருபத்தாறு வயது அவளுக்கு. நிச்சயம் வரைக்கும் வந்து நின்றுபோன கல்யாணம் ஒன்று அவள் பெயரில் இருந்தது. அவள் மடித்துக்கொண்டிருந்த சட்டையை மடித்து முடித்து, மற்றவற்றின் மேல் வைத்துவிட்டு, எழுந்து பின்பக்கம் போனாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் நிறுத்தியிருப்பேனோ என்னவோ.

மறுநாளே உன்னைக் கொண்டுபோய் வேறு ஒரு வீட்டில் பார்த்துக்கொள்ள விட்டேன். கமலா வீட்டிலேயே இருந்தாள், நான் உன்னை வெளியே விட்டேன். இதைவிடப் பெரிய தண்டனையை யாரும் யாருக்கும் கொடுக்க முடியாது. உன் அப்பா ஒரு முறை "நீ செய்யறது சரியில்ல" என்றார். அதற்கு மேல் என்னிடம் பேச அவருக்கும் பயம். அடுத்து வந்த முதல் வரனுக்கே கமலா தலையாட்டிவிட்டாள். மாப்பிள்ளைக்கு அவளைவிடப் பதினான்கு வயது அதிகம், தஞ்சோங் டாவாயில் மீன் வியாபாரிகளுக்கு ஐஸ் லாரி ஓட்டுகிறவர். நல்ல மனிதர் என்பது அவள் அதிர்ஷ்டம். அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அது தெரிந்த பிறகு நான் அன்றைக்குச் சொன்ன வார்த்தை என்னைத் தூங்க விட்டதில்லை. ஆனால் மன்னிப்புக் கேட்கவும் போகவில்லை. போனால் அந்த வார்த்தையை நினைவுபடுத்தியது போல் ஆகும் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

நான் கோபப்பட வேண்டிய இடம் அந்த அலுவலகம். அங்கே கோபப்பட எனக்குத் தைரியம் இல்லை. அதனால் வீட்டில் கைக்கு எட்டிய ஒருத்தி மேல் கோபப்பட்டேன். லைன் லீடர் ஆனேன், பிறகு சூப்பர்வைசரும் ஆனேன். உன்னைப் படிக்க வைத்தேன். அதே தொழிற்சாலையில் என் கீழே இருந்த பெண்கள் பயிற்சிக்குப் போக அழுதபோது "நான் போகலையா?" என்று கேட்டவளும் நான்தான்.

நீ வந்து போன பிறகு, புதன்கிழமை, நானே காடியை ஓட்டிக்கொண்டு தஞ்சோங் டாவாய்க்குப் போனேன். கமலா பெருநாளுக்காக யாரோ தைக்கக் கொடுத்த பாஜு கூரோங்கை, மலாய்ப் பெண்கள் போடும் நீள உடையை, தைத்துக்கொண்டிருந்தாள். முடி முழுக்க நரைத்துவிட்டது. "வாக்கா" என்றாள், நான் போன வாரம் வந்து போனவள் மாதிரி. தேநீர் கொடுத்தாள். திரும்பவும் மெஷினில் உட்கார்ந்துகொண்டாள். நான் உன் கம்பெனியில் வந்த விண்ணப்பத்தைப் பற்றிச் சொன்னேன். நீ சொன்ன வார்த்தையைச் சொன்னேன். அப்புறம், முப்பது வருஷத்துக்கு மேல் சொல்லாததைச் சொன்னேன். நான் பேசியது பாவம், என்னை மன்னித்துவிடு என்றேன்.

அவள் மெஷினை நிறுத்தவில்லை. உடையின் ஒரு கை முழுவதையும் தைத்து முடித்தாள். நூலைக் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள்: "நானும் ஒன்னு சொல்லணும்கா. அந்தக் கடுதாசிய எழுதினவ நான்தான். ஆனா அவங்க முடியாதுன்னு சொன்னப்ப, எனக்கு உள்ள சந்தோஷமா இருந்திச்சி. ரெண்டு மாசம் அவன் எனக்கு மட்டும்னு நெனச்சேன். நீ போன்ல நடக்கறானான்னு கேக்கறப்ப, ஒனக்காக மட்டும் நான் பொய் சொல்லல. சொல்லிட்டா அது ஒன்னோடதா ஆயிடும். சொல்லாம இருந்தா என்கிட்டயே இருக்கும். நீ அன்னிக்குச் சொன்னது முழுப் பொய் இல்லக்கா. அதான் நான் வாயத் தொறக்கல."

நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றேன். அவள் என் கையை எடுத்துத் தன் தோள் மேல் வைத்துக்கொண்டு, அடுத்த கையைத் தைக்க ஆரம்பித்தாள். "கம்பெனி டிக்கெட் குடுத்திருந்தா நாம மூணு பேரும் அங்க ஒன்னா இருந்திருப்போம். அவன் நடந்தத ரெண்டு பேரும் பாத்திருப்போம். இப்படி ஆசப்பட எனக்கு எடமே இருந்திருக்காது" என்றாள்.

சரவணா, அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் எழுத வேண்டும் என்று உனக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. கொடுத்தால் சிலர் அதை உல்லாசப் பயணமாக்குவார்கள். நான் கண்ணால் பார்த்தேன். ரோகயா மாதிரி ஒருத்தி வந்து நின்றால் விமான டிக்கெட் அவளுக்கு உதவாது. அதையெல்லாம் நீ யோசிக்கத்தான் வேண்டும், சம்பளம் வாங்குகிறாய். ஆனால் கொடுக்காவிட்டால் கம்பெனிக்குச் செலவு இல்லை என்று மட்டும் நினைக்காதே. செலவு எங்கேயும் போய்விடுவதில்லை. உன் கணக்கில் வராத ஒரு வீட்டில், சம்பளமே இல்லாத ஒருத்தி அதைக் கட்டிக்கொண்டிருப்பாள். அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுது. அந்தக் குழந்தையின் பாட்டியைச் சொல்கிறேன். அவள் எந்த வேலையை விட்டுவிட்டுப் போகிறாள், போகாவிட்டால் என்ன செய்வாள் என்று கேள். எங்கள் அதிகாரி என்னைக் கேட்டார். கமலாவைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. கவிதாவிடமும் கேள், இன்றைக்கே கேள். இன்னும் ஒரு வருஷத்தில் அவளை எங்காவது அனுப்பினால் அவள் என்ன கேட்பாள், யாரைக் கூட்டிப் போவாள் என்று. அவள் பதில் சொல்லும்போது குறுக்கே "புரியுது" என்று சொல்லாதே.

நான் கிளம்பும்போது கமலா காடி வரைக்கும் வந்தாள். இதையெல்லாம் உனக்கு எழுதப் போகிறேன் என்றேன். "எழுதிக்கோ. ஆனா எனக்காகன்னு சொல்லி அவன் அந்தப் பொண்ணுக்கு டிக்கெட் குடுக்க வேணாம். என் கதைய ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லவும் வேணாம். அவனுக்குச் சரின்னு பட்டா குடுக்கட்டும்" என்றாள். கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடியைத் தட்டி இறக்கச் சொன்னாள். "ஒரு நாளைக்குப் பொண்டாட்டியையும் கூட்டிக்கிட்டு வந்து சாப்பிட்டுப் போகச் சொல்லு. அம்மா சொன்னான்னு வர வேணாம், அவனுக்கா வரணும்னு தோணுனா வரட்டும்னு சொல்லு."

சொல்லிவிட்டேன்.

அம்மா